பெட்டியில் அச்சிட்ட லூமன் அதிகாலை நான்கு மணிக்கு எரிவதில்லை

ஒரகடம் பக்கத்தில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில், மழை பெய்துகொண்டிருந்த அதிகாலையில் ரவுண்ட்ஸ் சென்ற காவலர் ஒருவர், மூடியில்லாத வடிகாலில் கால் இடறி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிப் பார்த்தேன். உள்ளே நீர் கோத்து, கண்ணாடியில் ஆவி படிந்து, வைத்திருப்பவரின் காலடியைக்கூடக் காட்டாத அளவுக்கு மங்கிப்போயிருந்தது. அது வந்த பெட்டியிலோ '20,000 லூமன்' என்று அச்சாகியிருந்தது. (டார்ச் வெளியிடும் மொத்த வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் லூமன்.) காவல் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, இரவுக் காவல் முனைகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருப்பவன் நான். ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் இதே போன்ற அறிக்கை ஏதாவது ஒன்று என் மேசைக்கு வந்துவிடுகிறது. அதனால், டார்ச் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த லூமன் கணக்கைப் பார்த்துவிடுவோம். இன்று கிடைக்கும் ஒரு நல்ல எல்.இ.டி. டார்ச், ஒரு வாட் மின்சாரத்துக்குத் தோராயமாக 100 லூமன் வெளிச்சம் தரும். பெரும்பாலான கைடார்ச்சுகளில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட செல், தரமானதாக இருந்தால் ஏறக்குறைய 10 முதல் 12 வாட்-மணி ஆற்றலைத் தேக்கி வைக்கும். அப்படியானால் 1,000 லூமனில் எரியும் டார்ச் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்த செல்லைக் காலி செய்துவிடும். 100 லூமனில் எரிந்தால்தான் பத்து மணி நேரம் தாங்கும். நம் காவலர்களின் ஷிப்டோ பெரும்பாலும் 12 மணி நேரம். 20,000 லூமன் வேண்டுமென்றால் கைக்குள் 200 வாட் எரிய வேண்டும்; அந்தச் சூட்டில் டார்ச்சைக் கையில் பிடித்திருக்கவே முடியாது. 300 ரூபாய் டார்ச்சில் அந்த எண்ணை அச்சிட்டவருக்கு இது தெரியும். வாங்குபவர்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

செல்லின் கொள்ளளவாக அதன் மேல் எழுதியிருக்கும் '9900 மில்லி ஆம்பியர்-மணி' என்பதும் இதே இனத்தைச் சேர்ந்த பொய். 18650 அளவில் உலகின் முன்னணித் தயாரிப்பாளர்களின் செல்களே ஏறக்குறைய 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. சந்தேகம் இருந்தால் தபால் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். முப்பது கிராமுக்கும் குறைவாக இருந்தால், உள்ளே பாதி வெற்றிடமான செல்தான் உங்கள் கையில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். இந்தியாவில் விற்கப்படும் லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு கட்டாயம். அந்தப் பதிவு எண் இல்லாத செல்லை ஏன் வாங்க வேண்டும்?

நேர்மையான நிறுவனங்கள் அச்சிடும் எண்களையும் அர்த்தம் புரிந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. 2009-இல் வந்த எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலையைத்தான் இன்று பெரும்பாலான நல்ல டார்ச் நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி எரியும் நேரம் என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 விழுக்காடாகக் குறையும் வரை ஆகும் நேரம். ஆகவே '1,000 லூமன், 6 மணி நேரம்' என்று போட்டிருந்தால், ஆறு மணி நேரமும் ஆயிரம் லூமன் கிடைக்கும் என்று பொருளல்ல. ஆறாவது மணி முடிவில் 100 லூமன்தான் மிஞ்சியிருக்கும், அதுவும் சில நிமிடங்களிலேயே பாதிக்கும் கீழே இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து வந்ததாக இருக்கலாம். அதேபோல '300 மீட்டர்' என்பது, அந்தத் தொலைவில் பௌர்ணமி நிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் என்பதை மட்டுமே சொல்கிறது. மதில் ஓரம் நிற்பது ஆளா, தார்ப்பாய் மூட்டையா என்று அடையாளம் காண வேண்டுமானால், அந்தத் தொலைவில் பாதியைத்தான் நம்பலாம். நான் எப்போதும் கேட்பது ஒரே கேள்விதான்: இரவு பத்து மணிக்குத் தரும் வெளிச்சத்தை அதிகாலை நான்கு மணிக்கும் தருமா? 150 முதல் 200 லூமனில் நிலையாக எரிந்து, ஒரு மாற்று செல்லோடு இரவைக் கடக்கும் டார்ச்சே காவல் பணிக்குப் போதுமானது. 1,000 லூமன் என்பது ஒரு நிமிடம் மதிலின் மறுமுனையைப் பார்ப்பதற்கான கூடுதல் வசதி மட்டுமே.

உடல் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகப்பை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் 'ஜூம்' டார்ச்சுகளை வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவை வெளிக்காற்றையும் மழை ஈரத்தையும் உள்ளே உறிஞ்சுகின்றன. மழையில் நிற்பவருக்கு, தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் அளவைக் குறிக்கும் ஐ.பி. தரம் 65-க்குக் குறையாமல் வேண்டும், ஐ.பி. 67 இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்துவிட்டால் அந்தத் தரம் அன்றோடு போயிற்று. விழுந்தால் தாங்கும் உயரம் குறைந்தது ஒரு மீட்டர் என்று போட்டிருப்பது, இடுப்பிலிருந்து நழுவுவதற்கே சரியாக இருக்கும். படிக்கட்டு ஏறி இறங்கும் ரவுண்ட்ஸுக்கு இரண்டு மீட்டர் எதிர்பாருங்கள். கையுறையோடும் ஈரக்கையோடும் அழுத்தக்கூடிய சுவிட்சாக இருக்கட்டும். அழுத்தியதும் மின்னத் தொடங்கி, மூன்று முறை அழுத்தினால்தான் நிலையாக எரியும் டார்ச் காவல் பணிக்கு ஆகாது.

குறைந்த வெளிச்ச நிலை ஒன்று கட்டாயம் வேண்டும். இருட்டுக்குக் கண் முழுவதும் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். கேட்டில் லாரியின் சரக்குச் சீட்டைப் படிக்க முழு வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் அடித்தால், அந்தப் பழக்கம் ஒரு நொடியில் தொலைந்துவிடும். (லாரி ஓட்டுநரின் முகத்தில் அடிப்பதை வரவேற்பு மரியாதையாக நினைத்துக்கொண்டிருக்கும் காவலர்களுக்குத் தனி வகுப்பே நடத்த வேண்டியிருக்கிறது.) ஆனால் மதில் ஓரப் புதரிலும் அடுக்கிவைத்த பலகைகளின் இடுக்கிலும் குறைந்த வெளிச்சத்தோடு நடக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஈய-அமில பேட்டரி டார்ச்சுகளை, முழுவதும் வற்றவிட்டுச் சார்ஜ் செய்யாமல் போட்டுவைத்தால் கெட்டுப்போகும். பல ஷிப்டுக்காரர்கள் கைமாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் நடப்பது அதுதான். லித்தியம் செல்லுக்கு வேறு கவலை உண்டு. தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி அறையில், மே மாத வெயிலில், யாரும் இல்லாதபோது, கைக்குக் கிடைத்த சார்ஜரில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். உப்பியதையும் உறை கிழிந்ததையும் உடனே அகற்றிவிடுங்கள்.

எரிவாயு, பெட்ரோலியம், கரைப்பான் கையாளும் இடமானால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பெசோ என்னும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்ற, அந்த மண்டலத்துக்கு உரிய, தீப்பொறி எழுப்பாத டார்ச் மட்டுமே உள்ளே செல்லலாம். 'நீர் புகாதது' என்பதை 'வாயு புகாதது' என்று எடுத்துக்கொண்டு சாதாரண டார்ச்சோடு டேங்கர் நிற்கும் இடத்தைச் சுற்றிவரும் காவலரைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. தயவு செய்து அவரிடம் கோபப்படாதீர்கள். அந்த டார்ச்சைக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த 2006-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், காவலரின் விசில் இடது பையில் இருக்க வேண்டும் என்பது வரை சொல்லின. அந்தச் சீருடைப் பட்டியலில் டார்ச் இருக்கவில்லை. எனவே ஒப்பந்தத்தில் நீங்கள்தான் அதை எழுத வேண்டும். வெறுமனே 'டார்ச் 1' என்று எழுதினால் 300 ரூபாய் டார்ச்தான் வரும். நிலையான வெளிச்சம், எரியும் நேரம், ஐ.பி. தரம், மாற்று செல், பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறிய இரண்டாவது டார்ச் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. டார்ச் உடைந்தால் காவலரின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். நல்ல டார்ச் வாங்கிக் கொடுத்த இடங்களிலேயே, பிடித்தத்துக்குப் பயந்து அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ரவுண்ட்ஸ் போகிறவர்களைத் தணிக்கையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஷிப்டு மாறும்போது சாவிக் கொத்தை எண்ணி ஒப்படைப்பதோடு டார்ச்சையும் எரியவிட்டுப் பார்த்து, செல் மாற்றிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், எந்த ஷிப்டில் பழுதானது என்பது தானாகவே தெரிந்துவிடும். அதற்காக ஒருவர் சம்பளத்தில் கை வைக்கத் தேவையில்லை.