சைக்கிளிங்: புதுத் தொட்டியைப் பழக்குவது

செடி வைத்த மீன்தொட்டி ஒன்று வீட்டில் போடலாம் என்று பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ ஒரு மீன் கடைக்குள் நுழைகிறீர்கள். கண்ணாடி, மோட்டார், மணல் எல்லாம் விலை பேசி முடித்து, நீல நிற மீனைக் காட்டி "இதுல ஒரு பத்து குடுங்க" என்று கேட்கும்போதுதான் இந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். "டேங்க் சைக்கிள் ஆவட்டும் அண்ணாச்சி, அப்புறம் மீன் விடலாம்." நல்ல கடைக்காரர் என்றால் இப்படிச் சொல்வார். (மற்றவர் பத்து மீனையும் உடனே கொடுத்துவிட்டு, அது செத்ததும் இன்னொரு பத்து கொடுப்பார்.)

சைக்கிள் என்றால் நமக்கு மிதிக்கிற வண்டி. தொட்டி எப்படி சைக்கிள் ஆகும் என்று வாங்க வந்தவர் முழிப்பார், கடைக்காரரும் பெரும்பாலும் "மோட்டாரை ஓட விட்டு ஒரு மாசம் சும்மா வைங்க" என்பதோடு முடித்துக்கொள்வார். அந்த "சும்மா" என்ற ஒரு சொல்லில்தான் பாதித் தொட்டிகள் பாழாகின்றன, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருள். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட இரை அழுகியும் தண்ணீரில் அம்மோனியா சேருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தத்தில் புகுந்து அது ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும், இரத்தமே பழுப்பாகும், தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு வரை மீனுக்குப் பெரிய தொல்லை இல்லை. புதுக் கண்ணாடித் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் போதுமான அளவு இருக்காது. அவை பெருகி மணலிலும் கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறும் வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

இனி சொல்லின் கதை. கிரேக்கத்தில் வட்டம், சக்கரம் என்று பொருள்படும் 'குக்லோஸ்' லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்குப் போய் 'சைக்கிள்' ஆனது. சமஸ்கிருதத்தின் 'சக்ர' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன், இரண்டுக்கும் மூலச்சொல் ஒன்றே. அந்த 'சக்ர'தான் தமிழில் சக்கரமாக வழங்குகிறது. ஆக, அம்பாசமுத்திரம் ரோட்டில் போகிற சைக்கிளும், அதன் சக்கரமும், கடைக்காரர் சொல்லும் சைக்கிளிங்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மீன் வளர்ப்புக்கு இது வந்த வழி 'நைட்ரஜன் சைக்கிள்' என்ற அறிவியல் தொடர், அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வினையாக்கிக்கொண்டார்கள்.

சொல்லைவிட அதன் பின்னால் இருக்கிற கண்டுபிடிப்பு சுவையானது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பேர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். இருபது நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்கப்புறம் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும், இருபது நாள் ஏன் காத்திருக்கணும்? குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டார்கள், வேலை நின்றது. தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், சில நாளில் மறுபடி ஆரம்பித்தது. உயிருள்ள ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்று உறுதியானது இப்படித்தான். இன்று நாம் பழைய தொட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புதுத் தொட்டியில் போடுகிறோமே, அது அந்த மண் கரைசலின் பேரன்.

இதில் இன்னொரு குடும்பக் கதையும் உண்டு. 1850 வாக்கில் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனையும் வாலிஸ்னேரியா செடியையும் நத்தையையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஒன்றை ஒன்று வாழவைப்பதைக் காட்டினார். செடி வைத்த தொட்டிக்கு முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். அதே பெயர் கொண்ட அவர் மகன் பிற்பாடு ராத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்துகொண்டு, அம்மோனியா நைட்ரேட் ஆவது இரண்டு கட்டமாக, இரண்டு வேறு கூட்டங்களால் நடக்கிறது என்று காட்டினார். அப்பா தொட்டியை வைத்தார், தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான விடை மகன் கையில் கிடைத்தது!

சரி, தமிழுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் 'நைட்ரஜன் சுழற்சி' இருக்கிறது, அதில் குறையில்லை. காற்று, மண், பயிர், மாடு, சாணம், மறுபடி மண் என்று இயற்கையில் அது உண்மையிலேயே சுழல்கிறது. வயல்காரர் நைட்ரஜனைத் தழைச்சத்து என்பார். செடித்தொட்டிக்காரருக்கு அது இன்னும் பொருத்தம், ஏனென்றால் மீனுக்கு நஞ்சாக இருப்பதைச் செடியின் கண்ணால் பார்க்கச் சொல்லும் பெயர் அது. ஆனால் 'தொட்டியைச் சுழற்சி செய்வது' என்று வினையாக்கினால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, தொட்டிக்குள் நடப்பது சுழற்சியே இல்லை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று நேர்கோட்டில் போய் முட்டுச்சந்தில் நிற்கிறது. வெறும் மீன்தொட்டியில் அந்த நைட்ரேட்டை வெளியேற்ற வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை நாம்தான் இறைத்து ஊற்றணும். செடி இருந்தால் அது கொஞ்சத்தை இலையாக்கிக்கொள்ளும், அந்த இலையைக் கத்தரித்து வாளியில் போடும்போதுதான் உள்ளே வந்த தழைச்சத்து வெளியே போகிறது. கத்தரிக்காமல் அழுகவிட்டால் மறுபடி அம்மோனியாதான்.

இரண்டாவது இடைஞ்சல் பெரியது. சுழற்சி என்றதும் ஆட்கள் தண்ணீர் சுற்றுவதை நினைக்கிறார்கள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, ஒரு மாசம் ஆகிவிட்டது, அப்ப சைக்கிள் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டு மீனை விடுகிறார்கள். நாலாம் நாள் பாதி மிதக்கும். வெறும் தண்ணீரை எத்தனை மாசம் சுற்றவிட்டாலும் பாக்டீரியாவுக்குத் தின்ன எதுவும் இல்லை, பிறகு எங்கே பெருகும்? தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனமோ, அளந்து ஊற்றிய அம்மோனியாவோ, ஆரம்பத்தில் தானே அம்மோனியா கசியவிடும் செடிமண்ணோ ஏதாவது ஒன்று உள்ளே இருக்கணும். கடைக்காரர் சொன்ன "சும்மா" கெடுப்பது இங்கேதான்.

'பதப்படுத்துதல்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் தோல் வாடையும் கருவாட்டு வாடையும்தான் வருகிறது. 'முதிர்தல்' பரவாயில்லை, ஆனால் அது தானாக நடப்பது, நாம் செய்கிற வேலைக்கு அதில் இடமில்லை.

இவ்வளவு தேட வேண்டிய தேவையே இல்லாமல், நம் அடுக்களையில் இதற்கு ஒரு சொல் கிடக்கிறது: பழக்குதல். காருக்குறிச்சிப் பக்கம் வாங்கிய புது மண்சட்டியில் அன்றைக்கே யாராவது மீன்குழம்பு வைப்பார்களா? ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் அரிசி களைந்த தண்ணியோ வடிகஞ்சியோ ஊற்றி நாலைந்து நாள் மாற்றி மாற்றி வைத்துக் காய்ச்சி, சட்டியின் நுண்துளையெல்லாம் நிறைந்த பிறகுதான் அடுப்பில் குழம்பு ஏறும். இதைச் "சட்டி பழக்குறது" என்போம். தொட்டிக்கும் அதே இலக்கணம். வெறும் சட்டியைப் பரணில் ஒரு மாசம் வைத்தால் பழகாது, கஞ்சி ஊற்றணும். வெறும் தொட்டியும் பழகாது, இரை போடணும். பழகின சட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் போச்சு, பழகின பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தாலும் போச்சு. (இரண்டிலும் கடைசியில் இறங்குவது மீன்தான், ஆனால் அதன் கதி வேறு.)

சொல்லாகவும் இது வசதி. பழகு என்பது தன்வினை, பழக்கு என்பது பிறவினை. "தொட்டி பழகிட்டா?" என்று கேட்கலாம், "இல்ல, இன்னும் பழக்கிட்டிருக்கேன்" என்று பதில் சொல்லலாம். பழகாத தொட்டி, பழகின பஞ்சு என்று பெயரெச்சம் கிடைக்கிறது. ஒரே ஒரு ஆட்சேபணையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையிலிருந்து வந்த மீனைப் பையோடு மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து விடுவதையும் பழக்குவது என்றுதான் சொல்கிறோம். மீனைப் பழக்குதல், தொட்டியைப் பழக்குதல் என்று எதை என்பதைச் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது. செடிக்கும் இதே சொல் செல்லும். நாற்றங்காலில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த கிரிப்டோகொரைனை உள்ளே நட்டால் இலை எல்லாம் கரைந்து கூழாகும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடு இருக்கிறது, அது தண்ணிக்குப் பழகுகிறது, கொஞ்ச நாளில் வேறு வடிவத்தில் புது இலை விடும்.

நம் ஊரில் பழக்குவதற்கு இரண்டு மூன்று உள்ளூர்ச் சங்கதி உண்டு. சூட்டுக்குக் குறைவில்லாததால் ஹீட்டர் வாங்கத் தேவையில்லை, பாக்டீரியாவும் சுறுசுறுப்பாகவே பெருகும். ஆனால் அதே சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் நச்சும் ஏறும். பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) இன்னும் மோசம்: 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். அதனால் பிஹெச் ஏறிய உப்புத்தண்ணி போர் உள்ள வீட்டுக்காரர், தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரரைவிடக் கூடுதல் பொறுமையோடு பழக்கணும். ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, ஆனால் குழாயில் குளோரின் கலந்து வரும், பாக்டீரியாவைக் கொல்வதற்காகவே போடுகிற சரக்கு அது. வாளியில் ஒருநாள் திறந்து வைத்தோ, குளோரினை முறிக்கும் மருந்து சொட்டுவிட்டோதான் ஊற்றணும். மாதாந்திர மின்பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளையும் கவனியுங்கள். மூடிய பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் ஆக்சிஜன் இல்லாமல் பழகின கூட்டம் செத்துக்கொண்டிருக்கும். பஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள், பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் உத்தமம்.

செடி நிறைய இருந்தால் பழக்குவது சுலபம். பல நீர்ச்செடிகளுக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியா பக்கம்தான் முதல் கை நீளும், பாக்டீரியா பெருகுவதற்கு முன்பே அவை சாப்பிட்டுவிடும். அதனால் முதல் நாளே வேகமாக வளர்கிற செடியை நெருக்கி நடுங்கள்: வாட்டர் விஸ்டீரியா, நம் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா. குளத்திலிருந்து எடுத்தால் நன்றாக அலசுங்கள், அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும், தும்பிப் புழு மீன்குஞ்சைத் தின்றுவிடும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அழகுதான், ஆனால் ஆமை வேகம், பழக்கும் வேலைக்கு உதவாது. (அவற்றின் கிழங்குத்தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும், கல்லில் கட்டுங்கள்.) விளக்கை ஆரம்பத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். மிச்சமான வெளிச்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளாவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா பற்றிக் கேட்பார்கள். சில வேலை செய்யும், சில வெறும் தண்ணி. நல்லதண்ணீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள், அது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல்தான் ஆய்வில் தெரிந்தது. பாட்டில் லேபிளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். தெரிந்தவர் வீட்டு நோயில்லாத தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பழகின பஞ்சு கிடைத்தால் எந்தப் பாட்டிலும் அதற்கு ஈடில்லை, காசும் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயம், பழகிவிட்டதா என்பதைக் காலண்டரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. டெஸ்ட் கிட் வாங்குங்கள். அதிலுள்ள சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணியை எடுத்துச் சொட்டுவிட்டுக் குலுக்கினால், சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டில் அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். மஞ்சளா பச்சையா என்று தெரியாத ஒரு நிறம் வரும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் குழப்பும், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். நீங்கள் போட்ட இரைக்குப் பிறகும் ஒரே நாளில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி பழகிவிட்டது. (செடி அடர்ந்த தொட்டியில் நைட்ரேட்டும் தெரியாமல் போகலாம், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.)

அதற்கப்புறமும் பத்து மீனை ஒரே நாளில் இறக்காதீர்கள், மூன்று நான்காக விடுங்கள், சோறு கூடக் கூடத்தான் பாக்டீரியாக் கூட்டமும் கூடும். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி நிற்கிற டாக்கின்சியா தாம்பிரபர்ணியே என்ற கெண்டை மீது ஆசை வரும். அழிவின் விளிம்பில் இருக்கிற, இந்த ஆற்றுக்கே உரிய மீன் அது, ஆற்றில் பிடித்துத் தொட்டியில் போடுகிற வேலை வேண்டாம். நடுவில் மீனுக்கு நோய் வந்து ஆன்டிபயாடிக் மருந்து ஊற்றினால் கூடவே பழகின கூட்டமும் அடிபடக்கூடும். அப்போது இரையைப் பாதியாகக் குறைத்து, தினமும் டெஸ்ட் கிட்டில் சோதித்து, அம்மோனியா தலைகாட்டினால் தண்ணீர் மாற்றிக்கொண்டே தொட்டியைத் திரும்பவும் பழக்கணும்.