பெட்டியில் வரும் கேமராவும் பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடும்

"தம்பி, எட்டு கேமரா, ரெக்கார்டர், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரே செட்டா ஆன்லைன்ல போட்டிருக்கான். வாங்கி அனுப்புறேன், மாட்டிக் குடுத்துருவீகளா?" சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆச்சிகள் போன் செய்தால் பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கேமரா மாட்டுகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

மாட்டலாம் ஆச்சி, ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டியை நம் வீட்டை மனதில் வைத்து யாரும் தயாரிக்கவில்லை. உள்ளே வரும் ஒயர் ஒவ்வொன்றும் 18 அல்லது 20 மீட்டர் இருக்கும். எட்டு கேமராவுக்கும் ஒரே அளவு லென்ஸ். வீட்டில் ஆள் இருப்பார், கரண்ட் இருக்கும், வைஃபை எட்டும் என்கிற கணக்கில் செய்தது. நம் வீடோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக 150 அடி, 200 அடி நீளும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஆகவே எத்தனை கேமரா என்று பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்தெந்த இடத்தில் ஆளின் முகம் தெரிய வேண்டும்?

இது லென்ஸில் வந்து நிற்கும் விஷயம். கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்வார், லென்ஸைச் சொல்லமாட்டார். முன்பின் தெரியாத ஒருவரைப் பதிவை வைத்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படப்புள்ளி, வேண்டும் என்பது சர்வதேசத் தரக் கணக்கு. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். இப்படி ஒரே செட்டாக விற்கும் 'கிட்'டில் வரும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரிக்கு விரித்துக் காட்டும். வகுத்துப் பாருங்கள், புது ஆளின் முகம் பிடிபடுவது சுமார் 10 அடிக்குள்தான். அதற்கு அப்பால் ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. நாலு மெகாபிக்சலுக்கு மாறினால் இந்த 10 அடி 14 அடி ஆகும், அவ்வளவுதான். அதே இரண்டு மெகாபிக்சல் கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 25 அடிவரை முகம் கிடைக்கும். பார்வை குறுகும், உண்மைதான். ஆனால் வாசல் என்ன அகலம் இருந்துவிடப் போகிறது?

நான் சொல்வது இதுதான்: முகப்பு வாசலுக்கும் பின்கட்டு வாசலுக்கும் 6 மி.மீ. லென்ஸ், ஆள் முகத்தைப் பார்க்கும்படி எட்டு, ஒன்பது அடி உயரத்துக்குள் பொருத்துங்கள். உயரமான முகப்பின் உச்சியில் மாட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். முற்றத்துக்கும் அதைச் சுற்றிய வளவுக்கும் 2.8 போதும், அங்கே நடமாட்டம் தெரிந்தால் சரி. வீட்டின் பக்கவாட்டுச் சந்து யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கூரை ஓடுகளைப் பிரித்து முற்றத்தில் இறங்குவதும் பழைய வழி, ஆகவே முற்றத்துக் கேமரா கட்டாயம்.

முற்றத்தில் இன்னொரு வம்பு உண்டு. மத்தியானம் முற்றத்தில் சுள்ளென்று வெயில், சுற்றிலும் பட்டாலை (கூடம்) இருட்டு. சாதாரணக் கேமராவில் வெயில் வெளுத்துப்போகும், அல்லது பட்டாலையில் நிற்பவர் கரிய நிழலாகிவிடுவார். வெளிச்ச வித்தியாசத்தைச் சமாளிக்கும் டபிள்யூ.டி.ஆர். 120 டெசிபல் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்.' என்று போட்டிருந்தால் அது அந்தச் சரக்கு இல்லை. ராத்திரிக்கு வேறு தொல்லை. கண்ணாடி மாதிரி வழவழக்கும் நம் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரை ஒட்டிக் கேமராவைத் திருப்பினால், அதன் அகச்சிவப்பு விளக்கே சுவரில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்க வைத்துவிடும். சுவர் படத்தின் ஓரத்துக்குக்கூட வராதபடி திருப்ப வேண்டும். அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். பூட்டிய வீட்டில் லென்ஸுக்கு முன்னால் வலை கட்டினால் துடைக்க ஆளில்லை. வீடு பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருதரம் ஒட்டடைக்கோலை நீட்டச் சொல்லுங்கள்.

இனி கரண்ட். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது நம் ஆட்கள் தவறாமல் செய்யும் காரியம் மெயினை அணைப்பது. நல்ல பழக்கம்தான், பழைய ஒயரிங்குக்கு அது பாதுகாப்பு. ஆனால் கேமராவும் அதோடு போயிற்று. கேமராவுக்கு மட்டும் மீட்டரை ஒட்டித் தனி எம்.சி.பி. (தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். மெயின் அணைந்தாலும் அது ஓடும். எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே. கிட் வாங்குவதெல்லாம் அதற்கப்புறம். வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடலாம் என்பார்கள். அந்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சின்ன யு.பி.எஸ். ஒன்றை கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் மோடத்துக்கும் தனியாக வைப்பது மேல்.

கிட்டில் பெரும்பாலும் வருவது கேபிள் டி.வி. ஒயர் மாதிரியான கோஆக்ஸ் ஒயரும், டி.வி.ஆர். எனும் ரெக்கார்டரும். 12 வோல்ட் மின்சாரத்தை 150 அடி மெல்லிய ஒயரில் அனுப்பினால் வழியிலேயே குறையும். இதன் அடையாளம் வேடிக்கையானது: பகலில் படம் வரும், இருட்டியதும் போய்விடும். ராத்திரி விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் கேமரா கூடுதல் கரண்ட் கேட்கிறது, ஒயரால் கொடுக்க முடியவில்லை. கேமரா ரிப்பேர் என்று கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்யும்! ஒயரின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பு ஒயருக்கு விலை கூடத்தான், இந்த நீளத்துக்கு வேறு வழியில்லை.

பெரிய வீட்டுக்கு நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. கேமராவும், அந்த ஒயரிலேயே மின்சாரமும் கொடுக்கும் பி.ஓ.இ. சுவிட்சும்தான் என் விருப்பம். ஒரே நெட்வொர்க் ஒயரில் படமும் மின்சாரமும் போகும், 48 வோல்ட் என்பதால் இழப்பு குறைவு, 100 மீட்டர்வரை எட்டும். எல்லாக் கேமராவுக்கும் ஒரே இடத்தில் யு.பி.எஸ். வைத்துவிடலாம். முகப்புக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஃபைபர் போட்டால் இன்னும் நல்லது, இடி இடிக்கும் காலத்தில் ஒரு கோடியில் அடித்த மின்னல் செம்பு வழியாக மறு கோடிவரை ஓடாது. வைஃபை கேமரா? இத்தனை தடிமனான சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு அலை போகாது. போனாலும், பதிவு கேமராவுக்குள் இருக்கும் சின்ன கார்டில். திருடன் கேமராவைப் பிடுங்கினால் கார்டும் சேர்ந்து போகும். தோட்டத்துக்கும் கொல்லைச் சுவருக்கும் சோலார் வைத்த சிம் கேமரா உபயோகப்படும். ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்து ஆள் வந்தபின் விழிக்கிற வகை, முதல் சில நொடிகள் தவறலாம். சிம்முக்கு ரீசார்ஜ் முடிகிற தேதியும் யாருக்காவது நினைவிருக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வைத்தால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. எட்டு கேமராவுக்கு 170. கிட்டோடு வரும் 1 டி.பி. டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கிவிடும். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு ஆறு நாள் போதும், காலையில் எழுந்தால் திருட்டு தெரிந்துவிடும். நமக்கோ, மாசியில் போன பித்தளை அண்டா ஆடியில் வீட்டைத் திறக்கும்போதுதான் தெரியும். ஆகவே 24 மணி நேரப் பதிவை நிறுத்திவிட்டு, மனித அசைவுக்கு மட்டும் பதியும் முறையைப் போடுங்கள். 4 டி.பி. டிஸ்க்கில் மாதக்கணக்கில் நிற்கும். வெறும் அசைவு என்று வைத்தால் வௌவாலும் புறாவும் பூனையும் டிஸ்க்கை நிரப்பும், போனும் ஓயாமல் அடிக்கும். இரண்டே நாளில் அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். மனிதரைப் பிரித்தறியும் வசதி நம் வீடுகளுக்கு ஆடம்பரம் இல்லை.

பெட்டியில் '1080என்' என்று போட்டிருந்தால் ஜாக்கிரதை. அந்த ரெக்கார்டர் 1920 பிக்சல் அகலத்தில் பாதியை, 960-ஐத்தான் பதியும். கேமரா நல்லதாக இருந்தும் முகம் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கேமராவிலும் ரெக்கார்டரிலும் 'ஆர்-' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணைப் பாருங்கள். கேமராக்களுக்கு மத்திய மின்னணு அமைச்சகம் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். பழைய சரக்கைத் தள்ளிவிடும் விலைக்கு மயங்க வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகம் முழுக்கக் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள், மாட்டியவருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடென்றால் பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பொதுவான வளவையும் வாசல்களையும் யார் வேண்டுமானாலும் தங்கள் போனில் பார்க்கலாம், ஒருவருடைய அறைக்கதவை இன்னொருவரின் கேமரா பார்க்கக் கூடாது, கிணற்றடிப் பக்கம் கேமராவே வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் தனித்தனிக் கணக்கு. இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டு, அடுத்த படைப்பில் குடும்பமே இரண்டாகப் பேசிக்கொண்ட வீடுகள் உண்டு.

மாட்டுகிற விதம். பர்மா தேக்குத் தூணிலும் செதுக்கிய நிலையிலும் துளை போட விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு துளை தவறினால் அதே பளபளப்பில் பூசிக் கொடுக்க இப்போது ஆள் கிடைப்பது அரிது. பழைய மரக் கேசிங் ஓடும் வழியிலேயே ஒயரை எடுக்கலாம், கிராதிக் கம்பியில் கிளாம்ப் போட்டுக் கேமராவை நிறுத்தலாம். ரெக்கார்டரை முகப்பில் டி.வி.க்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்காதீர்கள், முதலில் போவது அதுதான். பூட்டிய உள்ளறையில், காற்று போகும் இடத்தில். இரும்புப் பெட்டகத்துக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, சூட்டில் டிஸ்க் கெட்டுவிடும்.

ஒருவேளை தேவைப்பட்டால், மானிட்டரில் ஓடுவதை செல்போனில் படம் பிடித்துப் போலீஸுக்கு அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ரெக்கார்டரிலிருந்தே பென்டிரைவில் எடுக்க வேண்டும், ரெக்கார்டரையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறி) குறித்த சான்றிதழையும் கேட்கிறது. ரெக்கார்டரின் தேதியும் நேரமும் சரியாக இருப்பது அதற்கும் முன்னால். இணையத்தோடு சேர்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள்.

வேலை முடிந்தது என்று சொன்னதும் பணத்தை முழுக்கக் கொடுத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மெயினை அணைத்துவிட்டு, ஒருவரைப் பின்கட்டு வாசல் வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் சென்னையில் இருந்தபடி போனில் அவர் முகத்தைப் பார்த்து, பதிவையும் பின்னால் ஓட்டிப் பார்த்து, ஆள் யார் என்று சொல்ல முடிந்தால் மீதியை அனுப்புங்கள்.