குமாஸ்தாவின் பென்ஷனும் எம்.பி.யின் பென்ஷனும்

டெல்லி கோபர்னிகஸ் மார்க்கில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் நான் பல வருடங்களாக அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. சின்ன வயதில் மத்திய அரசு வேலைக்காக ரயில் ஏறி வந்து, ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, ரிடையர் ஆன பிறகு மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ தங்கிவிட்டவர்கள். பென்ஷன் காகிதங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் பத்திரமாகக் கொண்டு வருவார்கள்.

அப்படி வந்த ஒருவருக்கு ரிடையர் ஆக 20 நாள் இருக்கும்போது அலுவலகத்தில் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், கொடுத்திருந்தார்கள். பழைய கொள்முதல் ஃபைல் ஒன்றில் அவர் போட்ட கையெழுத்து சம்பந்தமான விசாரணை. அது முடியும்வரை தற்காலிகப் பென்ஷன்தான். ஓய்வின்போது மொத்தமாக வரும் கிராஜுவிட்டி கிடையாது. பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கவும் வழியில்லை. மகள் கல்யாணத்துக்குக் கிராஜுவிட்டியை நம்பியிருந்தவர், கடன் வாங்கித்தான் நடத்தினார். விசாரணை 3 வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

போன முறை வந்தபோது, கிளம்பும் நேரத்தில் கேட்டார்: "ஏம்மா, கோர்ட்டில் தண்டனை வாங்கின எம்.பி.க்குக்கூட பென்ஷன் வருதாமே, நிஜமா?"

நிஜம்தான் சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

அரசு ஊழியரின் பென்ஷனுக்கு ஆயுள் முழுக்க ஒரு நிபந்தனை உண்டு. மத்திய அரசு ஊழியர் ஓய்வூதிய விதிகள் முதலில் 1972இலும், மறுபடி 2021இலும் வந்தன. இரண்டிலுமே, ஓய்வுக்குப் பிறகும் நன்னடத்தையோடு இருந்தால்தான் பென்ஷன் என்று எழுதியிருக்கிறது. பணிக்காலத்தில் கடுமையான முறைகேடு செய்ததாக விசாரணையிலோ கோர்ட்டிலோ நிரூபணமானால், பென்ஷனை முழுசாகவோ ஒரு பகுதியையோ நிறுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது. யூ.பி.எஸ்.சி.யின் கருத்தைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட முடியும். ஒரு பகுதியை மட்டும் பிடித்தால், மீதி மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. வேலையிலிருந்தே டிஸ்மிஸ் ஆனவருக்கு முந்தைய சேவை முழுதும் கணக்கில் இல்லாமல் போய்விடும். அதிகாரி மனது வைத்தால் கருணைப்படி என்று ஏதோ கொஞ்சம் வரலாம்.

எம்.பி.க்களின் பென்ஷன் 1954ஆம் வருடச் சம்பளச் சட்டத்தின் 8ஏ பிரிவில் வருகிறது. 1976இல் அதைச் சேர்த்தபோது 5 வருடம் உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 300 ரூபாய். பிறகு அந்த 5 வருட நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எத்தனை நாள் உறுப்பினராக இருந்திருந்தாலும் இப்போது முழு அடிப்படைப் பென்ஷன் உண்டு. 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு அது மாதம் 31,000 ரூபாய். 5 வருடத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் 2,500 ரூபாய் கூடும்.

இந்தப் பென்ஷனை நிறுத்த வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அவர் கவர்னரானால் நிற்கும், மறுபடி எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ ஆனால் நிற்கும், அரசுச் சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனாலும் நிற்கும். ஊழல் வழக்கில் தண்டனை பெற்றால் நிற்கும் என்று மட்டும் எழுதவில்லை.

பதவி பறிபோவதில் சட்டம் கறாராகவே இருக்கிறது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து, 2 வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் உடனே பதவி போகும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் குற்றவாளி என்றாகிவிட்டால் தண்டனை எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை. ஆனால் பதவி போன அதே நாளில் அவர் முன்னாள் உறுப்பினர் ஆகிறார். 8ஏ பிரிவு பென்ஷன் தருவது முன்னாள் உறுப்பினர்களுக்குத்தானே! லஞ்சம் வாங்கியதால் பதவி போனவருக்கு, அப்படிப் போனதாலேயே பென்ஷன் தொடங்குகிறது. சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஓட்டை தெரிந்த பிறகும் அடைக்காமல் விட்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பென்ஷனைப் பிடிக்காதீர்கள் என்று வாதாடுவதுதான் என் தொழில். பென்ஷன் பிச்சை இல்லை, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் போடும் மனுக்களில் அந்தத் தீர்ப்பு இல்லாத மனு அபூர்வம். அதனால், யாருடைய பென்ஷனிலாவது கை வைக்கச் சொல்லும்போது எனக்கும் தயக்கம் வரத்தான் செய்கிறது.

அதனால்தான் இமாச்சலப் பிரதேசம் எடுத்த வழி எனக்கு உடன்பாடில்லை. 2024 பிப்ரவரியில் கொறடா உத்தரவை மீறியதற்காக 6 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களை அங்கே தகுதி நீக்கம் செய்தார்கள். கட்சித்தாவல் சட்டத்தில் பதவி இழந்தவர்களுக்குப் பென்ஷன் இல்லை என்று அதே வருடம் செப்டம்பரில் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கட்சித்தாவலை முடிவு செய்கிறவர் சபாநாயகர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சியிலிருந்து வருகிறவர். அவர் தீர்ப்பை வைத்துப் பென்ஷனை நிறுத்தினால், ஆட்சி மாறும்போதெல்லாம் அது பழிவாங்கும் ஆயுதமாகிவிடும்.

சபையே உறுப்பினரை வெளியேற்றினாலும் இதே கவலைதான். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 11 எம்.பி.க்களை 2005 டிசம்பர் 23 அன்று நாடாளுமன்றம் வெளியேற்றியது. 2007இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பதவியைப் பறிக்க அது போதும். பென்ஷனைப் பறிக்க, என் கணக்கில், கோர்ட் தீர்ப்பு வேண்டும். உங்களில் சிலருக்கு இது மென்மையாகத் தோன்றலாம். விசாரணை ஒழுங்காக நடக்காமல் பென்ஷன் இழந்தவர்களைத் தினமும் எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறவள் நான்.

சரி, என்னதான் செய்யலாம்? 8ஏ பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தால் போதும். பதவியில் இருந்தபோது செய்த ஊழல் குற்றத்துக்குக் கோர்ட் தண்டனை தந்தால் அன்றிலிருந்து பென்ஷன் நிற்க வேண்டும். அப்பீலில் விடுதலையானால் நிலுவை முழுதும் வட்டியோடு கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில்கூட, பதவி சார்ந்த லஞ்சக் குற்றங்களில் தண்டனை பெறும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பென்ஷன் இல்லை என்று 2007இல் சட்டம் போட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போய் இதைச் சாதிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. முன்னாள் எம்.பி.க்களுக்குப் பென்ஷனே கூடாது என்று லோக் பிரஹரி அமைப்பு போட்ட வழக்கை, இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லி 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மிஞ்சியிருப்பது நாடாளுமன்றம்தான். மக்களவைக்குக் குடிமக்கள் மனுக் கொடுக்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு எம்.பி. அதில் மேலொப்பம் போட்டு முன்வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நானும் ஒரு மனு எழுதி, தெரிந்த ஓய்வூதியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து அந்தத் துணிப்பைக்காரருடையது. போடும் முன் இரண்டு தடவை படித்தார். "எம்.பி. இறந்துட்டா அவர் சம்சாரத்துக்குப் பாதிப் பென்ஷன் போகும் இல்லையா, அதைத் தொடக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துடும்மா. அந்த அம்மா என்ன தப்பு பண்ணினாங்க?" என்றார். சேர்த்துவிட்டேன். மேலொப்பம் போட ஒரு எம்.பி.யை இனிமேல்தான் தேட வேண்டும்.