காலவிடு மாத்திரை: சொல் விளக்கம்

இரத்த அழுத்த மாத்திரைகளின் அட்டையில் மருந்தின் பெயரை அடுத்து ‘எக்ஸ்எல்’, ‘ஈஆர்’, ‘ரிட்டார்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இவை ‘டைம்டு ரிலீஸ்’ என்னும் வகையின் குறிகள். விழுங்கிய மருந்து ஒரேயடியாகக் கரைந்துவிடாமல், குறித்த வேகத்தில் அல்லது குறித்த நேரத்தில் உடலுக்குள் சேருமாறு ஆக்கப்பட்ட மாத்திரை என்பது இதன் பொருள்.

‘ரிலீஸ்’ என்பது, தளர்த்துதலைக் குறிக்கும் ‘ரிலக்சாரே’ என்ற இலத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் அடைந்த வடிவம். ‘ரிட்டார்ட்’ என்பதன் வேர், மெதுவானதைச் சுட்டும் ‘டார்டுஸ்’. தமிழில் ‘வெளியீடு’ என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் நூலுக்கும் திரைப்படத்துக்கும் பொருந்தும் அச்சொல், மருந்து சிறிது சிறிதாகக் கசிவதை உணர்த்தவில்லை. ‘விடு’ என்னும் வினையடி அதை உணர்த்தும். ஊறுகாய், சுடுநீர் போல ‘விடுமாத்திரை’யும் இயல்பான வினைத்தொகையே.

‘மாத்திரை’ என்ற சொல்லிலேயே காலம் உறைந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அளவு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த இது, மருத்துவத்தில் மருந்தின் அளவையும், இலக்கணத்தில் கண்ணிமைக்கும் பொழுதாகிய ஒலிப்புக் காலத்தையும் குறித்தது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. ஆகவே, நீண்ட நேரம் மருந்தை விடுவதை ‘நெடுவிடு மாத்திரை’ என்றும், தொடங்குவதையே தள்ளிப்போடுவதைத் ‘தாழ்த்துவிடு மாத்திரை’ என்றும், இரண்டுக்கும் பொதுவாகக் ‘காலவிடு மாத்திரை’ என்றும் வழங்கலாம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாய்வன்று. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் என்னும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். விரைந்து கரையும் அதன் பழைய குப்பிமாத்திரை (கேப்சூல்) அழுத்தத்தைச் சட்டென்று வீழ்த்தி, இதயத்தைப் படபடக்கச் செய்தது. 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அதன் நெடுவிடு வடிவத்தில், நீரை மட்டும் உள்ளே விடும் உறையும், அதில் லேசர் கதிரால் இடப்பட்ட நுண்துளையும் உண்டு. உட்புகும் நீரால் அடியடுக்கு உப்பி மேலடுக்கிலுள்ள மருந்தைத் துளை வழியே தள்ள, ஒரு நாள் முழுவதும் மருந்து சீராக வெளிவருகிறது. வெற்றுறை மலத்தோடு கழிகிறது. அதைக் கண்டு மாத்திரை கரையவில்லையென்று அஞ்ச வேண்டியதில்லை.

1996இல் ஒப்புதல் பெற்ற, வெராபமில் என்னும் மற்றோர் இரத்த அழுத்த மருந்தின் மாத்திரையொன்றோ இரு தன்மையும் உடையது. படுக்கும்போது விழுங்கினால் 4 முதல் 5 மணி நேரம் வாளாவிருந்து, பிறகு மெல்ல விடத் தொடங்கி, விழித்தெழும் வேளையில் அழுத்தம் உயரும்போது அதை எதிர்கொள்கிறது.

இத்தகைய மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒருங்கே இரத்தத்தில் கலந்துவிடும். மெட்டோப்ரோலால் என்னும் இரத்த அழுத்த மருந்தின் நெடுவிடு மாத்திரைகளில் கோடிட்டவற்றை மட்டும் அக்கோட்டில் இரண்டாக உடைக்கலாம். தனித்தனிப் பூச்சுள்ள நுண்மணிகளால் ஆனவை என்பதால் பாதியிலும் அந்தக் கால ஒழுங்கு கெடுவதில்லை.