‘பாசிவ்’ பாஸ் செயலற்ற பாஸா?

பழைய பாஸ் கிட்டார் விற்பனை விளம்பரங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற சொற்கள் ‘செயலில் உள்ள பாஸ்’, ‘செயலற்ற பாஸ்’. முதலாவதைப் படித்தால் ரிப்பேர் இல்லாத கிட்டார் என்று தோன்றும். இரண்டாவது காயலான் கடைக்குப் போக வேண்டியது என்று தோன்றும். எழுதியவர் சொல்ல வந்தது ஆக்டிவ், பாசிவ் என்ற இரண்டு வகையை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ஆக்டிவுக்கு வேர் ‘செய்’ என்ற பொருள். பாசிவுக்கு வேர் ‘படு’, அதாவது தனக்கு நேர்வதை ஏற்பது. செயல் இல்லை என்ற பொருள் அந்த வேரில் கிடையாது. நம் இலக்கணம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: செய்வினை, செயப்பாட்டுவினை. ‘செயலற்ற வினை’ என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை.

கருவிக்குள் நடப்பதைப் பாருங்கள். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கோவைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். பேட்டரியே இல்லாமல் மின்சாரம் உண்டாக்குவதைச் செயலற்றது என்று எப்படி ஐயா சொல்வது? 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் இந்த வகைதான். ஆக்டிவ் என்றால் உள்ளே ஒரு ப்ரீஆம்ப், அதாவது பிக்கப்பிலிருந்து வருவதைக் கூட்டிக் குறைத்து அனுப்பும் சின்ன சர்க்யூட். அதை ஓட்ட பெரும்பாலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே அந்த வகையைப் பரவலாக்கியது. வேறுபாடு பேட்டரியில்தான் இருக்கிறது.

ஈரோட்டில் கோயில் திருவிழாக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்ணா, இதுல இருக்கறது செயலற்ற பிக்கப்பாமா. கழட்டிப் போட்டு வேற மாத்தோணுமுங்களா?” மேடையில் அவருடைய பாஸ் கேட்கவே இல்லை என்பதுதான் குறை. பிக்கப் நன்றாகத்தான் இருந்தது. பாஸின் மிகத் தாழ்ந்த தந்தியான ஈ தந்தியை விரல் வைத்து அழுத்தாமல் மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ப் பகுதியில் கிக் டிரம்மும் கீபோர்டின் இடக்கையும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அங்கே வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்க 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைத் தூக்க வேண்டும். அவர் பாஸில் உள்ள டோன் குமிழோ மேல் பகுதியைக் குறைக்கத்தான் செய்யும், எதையும் கூட்டாது. போதாக்குறைக்கு ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் நீளமான கேபிள், அது மேல் பகுதியில் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். இருக்கிற பிக்கப்பை அப்படியே விட்டு, நடுப்பகுதிக்குத் தனிக் குமிழ் உள்ள ப்ரீஆம்ப் ஒன்றை உள்ளே வைத்தால் இரண்டு குறையும் தீரும். ‘செயலற்ற’ என்ற ஒரு சொல்லை நம்பி நல்ல பிக்கப்பைக் கழற்றப் பார்த்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சர்க்யூட்டுக்குத் தமிழில் சுற்று. வேரை மதித்துப் பாசிவைப் ‘படு சுற்று’ எனலாம். ஆனால் ‘படு மோசம்’ என்று பழகிய காதில் அது ஏறாது. ‘மின்னூட்டச் சுற்று’ என்றால் அந்தச் சொல்லை இயற்பியல் பாடநூல் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்குப் பட்டது: மின்கலச் சுற்று, மின்கலமில்லாச் சுற்று. பேட்டரி ப்ரீஆம்ப்புக்கு ஓடினாலும், சில பிக்கப்புகளில் உள்ளேயே இருக்கும் சுற்றுக்கு ஓடினாலும் இந்தப் பெயர் பொருந்தும். இது பிடிக்காதவர்கள் வாசிப்பவர்கள் சொல்வதுபோல ஆக்டிவ், பாசிவ் என்றே எழுதட்டும். தமிழ் எழுத்தில் இருந்தாலே போதும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பொருளை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஒரு விளக்கத் தாளில், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ (pot) என்ற பாகத்தைப் ‘பானை’ என்றே எழுதியிருந்தார்கள். பொட்டென்ஷியோமீட்டரின் சுருக்கம் அது என்று பேனல் வேலை செய்யும் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். கேட்கவில்லை.

பல பாஸ்களில் ஆக்டிவ், பாசிவ் இரண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு. பாட்டின் நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டால் அதைப் பாசிவ் பக்கம் தள்ளி வாசிப்பைத் தொடரலாம். அந்தப் பக்கத்துக்குச் ‘செயலற்ற’ என்று பெயர் எழுதி வைத்தால், அவசரத்தில் யாருடைய கை அங்கே போகும்?