நீச்சல் குளத்துக்குச் சூரிய வெப்பம்: தகடு வாங்குவதற்கு முன்

வீட்டு நீச்சல் குளங்களுக்குச் சூரிய வெப்ப அமைப்பு பொருத்துவது என் தொழில்: குளத்து நீரை மோட்டார் கூரைக்கு ஏற்றும், அங்கே வெயிலில் காயும் தகடுகளின் வழியே ஓடிச் சூடேறி அது குளத்துக்கே திரும்பும். அதில் நான் அதிகம் கேட்கும் புகார், "தகட்டிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சூடாகவே இல்லையே" என்பதுதான். குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்துவிட்டதாகவே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அமைப்பு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். குளியலறைக்கான சோலார் வாட்டர் ஹீட்டர் நூறு, இருநூறு லிட்டரை 60 டிகிரி வரை ஏற்ற வேண்டும். குளத்திலோ பல்லாயிரம் லிட்டர் 26 முதல் 28 டிகிரிக்குள் நின்றால் போதும். அதனால் நீரை வேகமாக ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சில டிகிரி மட்டுமே ஏற்றி அனுப்புகிறோம். கை சுடும் அளவுக்கு நீர் வந்தால்தான் எனக்குக் கவலை: ஃபில்டர் அடைத்து ஓட்டம் குறைந்திருக்கலாம், தகடு தான் வாங்கிய வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

குளத்து நீருக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம் இல்லாத இடங்களில், கண்ணாடி மூடிய விலை உயர்ந்த தகடுகள் தேவைப்படுவதில்லை. கறுப்பு பாலிபுரோப்பிலீன் அல்லது ரப்பரால் ஆன திறந்த தகடுகளே போதும். கடுங்குளிரிலும் நீந்த வேண்டும் என்பவர்களுக்குத்தான் கண்ணாடித் தகடு. அதில் செம்புக் குழாய் இருந்தால் நீர் அமிலமாகிக் குழாயை அரிக்காதபடி, அதன் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு 7.2க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோரின் சேர்க்கும் கருவியும் தகட்டைத் தாண்டிய பிறகே இருக்க வேண்டும்.

இனி, வாடிக்கையாளர்கள் அநேகமாகக் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் நீர் இருக்கும். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 56 யூனிட் ஆற்றல் தேவை. அதே குளத்தின் மட்டம் ஆவியாதலால் 5 மில்லிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர் போயிற்று என்று பொருள். அளவைப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் அந்த 160 லிட்டர் ஆவியாகும்போது தன்னுடன் எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 108 யூனிட், அதாவது குளம் முழுவதையும் ஏறக்குறைய 2 டிகிரி குளிர வைக்கும் அளவு. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போகிறது. காற்று வீசும் இடமாக இருந்தால் இன்னும் மோசம்.

உங்கள் குளம் எவ்வளவு இழக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, மறுநாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியாதல். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

ஆகவே யார் வந்து கேட்டாலும், தகட்டுக்கு முன்னால் குமிழி விரிப்பை வாங்கச் சொல்கிறேன் (இதனால் எனக்கு நட்டம்தான்). நீரின் மேல் மிதக்கும் அந்த பிளாஸ்டிக் விரிப்பு ஆவியாதலைப் பெருமளவு தடுத்துவிடும். நீந்தும்போது பாதி விரித்து பாதி சுருட்டி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். விரிப்புக்கு அடியில் சிக்கும் குழந்தைக்கு மேலே வர வழி தெரியாது.

தகட்டின் பரப்பு குளத்தின் பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை இருக்கலாம். விரிப்பைத் தவறாமல் பயன்படுத்துகிறவர்களுக்குப் பாதியை ஒட்டிய அளவே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. திசையைப் பொறுத்தவரை, தகடு நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து, நிழல் விழாமல் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தகட்டில் ஒரு சென்சார், குளத்து நீர் வரும் குழாயில் ஒரு சென்சார். தகடு சில டிகிரி கூடுதலாகச் சூடேறிய பிறகே வால்வு திறந்து நீர் மேலே போக வேண்டும். ஒரு வீட்டில் வேறு யாரோ இந்தக் கருவி இல்லாமலே அமைப்பைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஃபில்டர் மோட்டாரின் டைமரோ இரவு பத்து மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. பகல் வெயிலில் தகடு சும்மா காய்ந்தது. இரவு முழுவதும் குளத்து நீர் குளிர்ந்த கூரைக்கு ஏறி, தன்னிடமிருந்த வெப்பத்தையும் கொடுத்துவிட்டு இறங்கியது. "தகடு போட்ட பிறகு தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. அன்று நான் செய்த வேலை, டைமரைக் காலை பத்து மணிக்கு மாற்றியது மட்டும்தான். கட்டுப்பாட்டுக் கருவியும் விரிப்பும் அடுத்த வாரம் வந்தன.