சுக்கான்: ஃபோர்ச்சுனாவின் கையில் இருப்பது துடுப்பு அன்று

உரோமானிய நாணயங்கள் பலவற்றின் பின்புறத்தில், ஃபோர்ச்சுனா என்னும் நற்பேற்றுத் தெய்வம் இடக்கையில் கனிகள் நிரம்பிய கொம்பையும் வலக்கையில் அடி அகன்ற நீண்ட தண்டொன்றையும் பிடித்து நிற்பாள். சில நாணயங்களில் அத்தண்டு உலகைக் குறிக்கும் உருண்டையின்மேல் ஊன்றியிருக்கும். பார்த்தவுடன் அதைத் ‘துடுப்பு’ என்று எழுதத் தோன்றும். ஆனால் துடுப்பு கலத்தை உந்துவது. அவள் கையில் இருப்பதோ கலத்தைத் திருப்பும் சுக்கான். பொருளைச் சுமப்பது இந்த வேறுபாடுதான்: மனிதர் வாழ்வு எத்திசையில் செல்லும் என்பதை அவளே முடிவு செய்கிறாள். கி.மு. 19இல் உரோமப் பேரரசர் அகஸ்டஸ் கிழக்கு மாகாணங்களிலிருந்து உரோமுக்குத் திரும்பியபோது பலிபீடம் பெற்றவளும் ‘மீட்டுக் கொணரும் ஃபோர்ச்சுனா’வே.

இலத்தீனில் இக்கருவியின் பெயர் குபெர்னாகுலம். இது ‘கலத்தைச் செலுத்து’ என்று பொருள்படும் குபெர்னாரே என்னும் வினையிலிருந்தும், அவ்வினை கிரேக்கத்தின் கியுபெர்னான் என்பதிலிருந்தும் வந்தவை. நாளேடுகளில் நாம் அன்றாடம் படிக்கும் ‘கவர்னர்’ இந்த வேரிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல்லே. அரசாள்வதைக் கலம் செலுத்துவதாகக் காண்பது கிரேக்கருக்கு மிகப் பழகிய உருவகம், கி.மு. 467இல் அரங்கேறிய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகம், நகரம் என்னும் கலத்தின் பின்னணியத்தில் (பின்பகுதியில்) சுக்கான் பிடித்து, இமைகளை உறங்கவிடாமல் காப்பவனின் கடமையைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

அக்காலச் சுக்கான் இன்றுபோல் பின்புறத்தின் நடுவில் கீல்களில் தொங்கும் பலகை அன்று. கலத்தின் பின்பகுதியில் இருபுறமும் சாய்வாகப் பொருத்திய இரண்டு பெருந்தண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேல்முனையிலும் குறுக்கே செருகிய கைப்பிடிக் கட்டையைத் தள்ளினால் தண்டு தன் அச்சிலேயே சுழன்று, நீருக்குள் அதன் அலகு, அதாவது அகன்ற அடிப்பகுதி, திரும்பும். தண்டின் இருபக்கமும் அலகு விரிந்திருந்ததால், பெருங்கலத்தையும் ஒருவரே திருப்ப முடிந்தது.

தமிழில் ‘சுக்கான்’ அரபு மொழியின் சுக்கான் என்பதே. அதைப் பிடிப்பவனுக்கோ நீகான், மீகாமன் என்னும் பழம்பெயர்கள் உண்டு. மாடத்து விளக்கொளியைக் கொண்டு கரையறிந்து வங்கத்தை (கப்பலை)ச் செலுத்தும் நீகானை அகநானூற்றின் 255ஆம் பாட்டில் காண்கிறோம். கருவிக்கு மட்டும் புதுச்சொல் புனைய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. கடலோடிகளின் வாயில் நெடுங்காலம் புழங்கி வேரூன்றிய சொல் அது. பழங்காலக் கருவியைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘சுக்கான் துடுப்பு’ என்றால், வடிவமும் பயனும் ஒருங்கே விளங்கும்.

தமிழ் விவிலியத்தில், பவுல் சென்ற கப்பல் கரைதட்டுவதற்கு முன் மாலுமிகள் ‘சுக்கான்களுடைய’ கட்டுகளைத் தளர்த்தினார்கள் என்று வருகிறது. ஒரே கப்பலுக்கு எப்படிப் பல சுக்கான்கள் என்று ஐயுறுவோர் உண்டு. அந்தப் பன்மை பிழையன்று. அந்தக் கப்பலின் இருபுறத்துச் சுக்கான் துடுப்புகளையே அது குறிக்கிறது.